எடுத்து வை

பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல் இருக்கும். மேலே 'தொலைந்த பொருள்கள்' என்று எழுதியிருக்கும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். ஊர்க்காரர்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற குடை, மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, பல்செட், ஒற்றைச் செருப்பு எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். ஒற்றைச் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் மூன்று வரி: பொருள், கிடைத்த இடம், தேதி. தொண்ணூறு நாள் அலமாரியில் இருக்கும். அதற்குள் யாராவது வந்து விசாரித்தால், பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி போடுவோம். இன்னொரு தொண்ணூறு நாள் ஆயுள். ஒருத்தரும் கேட்காவிட்டால் தொண்ணூறாம் நாள் மூட்டை கட்டி அனுப்பிவிடுவோம். எந்தத் தேதிச் சாமான் இன்றைக்குக் கிளம்ப வேண்டும் என்று தினமும் காலையில் சுவரிலிருக்கும் பலகையில் சாக்பீஸால் எழுதுவேன். யாராவது போன் செய்து அழாத குறையாகக் கேட்டால், "எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கோங்க" என்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைச் சொல்லியிருப்பேன்.

ஊர்ச் சாமானையெல்லாம் இப்படிக் கட்டிக் காக்கிறவளுக்கு வந்து வாய்த்த மகளைப் பாருங்கள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஒரே வருஷத்தில் ஐந்து தண்ணீர் பாட்டில், மூன்று டப்பா, ஒரு ஸ்வெட்டர், கணக்கே இல்லாத பென்சில்களைத் தொலைத்தவள். ஒருநாள் பள்ளிக்கூடப் பையையே விட்டுவிட்டு வந்தாள். கேட்டால், "தோள் லேசா இருந்துச்சும்மா. ஏன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றாள். உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர் பம்பரம். நாங்கள் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை. டாக்டர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்: ஏ.டி.எச்.டி. "திமிர் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. கவனத்த ஒரு எடத்துல நிறுத்திப் பிடிக்கிற வேல அவ மூளைக்குக் கஷ்டம், அவ்வளவுதான்" என்றார். அவளுடைய அப்பா அன்றைக்கு வெளியே வந்து, "எனக்கும் அதுதான் இருந்திருக்கும். எனக்குப் பிரம்படிதான் குடுத்தாங்க" என்று சிரித்தார்.

அவர் இதே டிப்போவில் டிரைவர். எட்டு மாதத்துக்கு முன்னால், முதல் நடை முடித்து வந்து கேன்டீனில் டீ வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கேன்டீன் என் ஜன்னலிலிருந்து நாற்பது அடி தூரம். நான் போனபோது டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

நான் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. "எவ்வளவு தைரியமான பொம்பளை" என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் வாயில் ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது பாருங்கள், அப்படித்தான் இருந்தது. சமைத்தேன், வேலைக்குப் போனேன், அட்டை எழுதினேன். பதின்மூன்றாம் நாள் ஒருத்தர் காணாமல்போன குடைக்காக என்னிடம் கண் கலங்கினார். குடைக்கு இவ்வளவா என்று அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பியபோதும் அதே நிலைமைதான். நல்ல மாதிரிப் பெண். மேஜைமேல் இருந்த ஒரு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். வீட்டுப்பாடம் வாங்கும் நோட்டு. என் மகள் பெயருக்கு நேராக வரிசையாகக் காலிக் கட்டம்.

"அவ வீட்டுப்பாடம் செய்யாம இல்ல, மேடம். செஞ்சதக் கொண்டு வர்றதில்ல. கேட்டா வீட்ல இருக்குங்கறா. நான் நம்பறேன், ஆனா ஹெட்மாஸ்டர் நம்ப மாட்டேங்கறார். அடுத்த மாசம் ஒரு வகுப்பு கீழ போடணும்னு சொல்லிட்டார்."

"கீழயா?"

"நாலாம் வகுப்புல. நான் கெஞ்சிக் கூத்தாடி நாலு வாரம் வாங்கியிருக்கேன். இருபது நாள்ல பதினஞ்சு நாளாவது அவளே கொண்டு வந்து என் கையில குடுக்கணும். நீங்க பின்னாடியே எடுத்துட்டு ஓடி வரக்கூடாது. அவளே."

எனக்கு அதைக் கேட்டுப் பதற்றம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆனால் வெளியே வந்தபோது தூணைச் சுற்றிக்கொண்டிருந்த பம்பரம் நின்று, "நாலாம் க்ளாஸ்ல பெஞ்ச் குட்டியா இருக்கும்மா. என் முட்டி இடிக்கும்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் நின்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. அவளை அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

டாக்டர் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்குச் சாமான்களை, நேரத்தை, வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சொல்லித்தருகிறவராம். சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம். எதற்கெடுத்தாலும் லிஸ்ட் போடச் சொன்னதால் பம்பரம் அவருக்கு லிஸ்ட் டீச்சர் என்று பெயர் வைத்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஏளனம். ஒழுங்கைப் பற்றி எனக்கே பாடமா? முதல் சந்திப்புக்கு முன்பே வீடு முழுக்க மஞ்சள் அட்டை தொங்கவிட்டிருந்தேன். பென்சில் இங்கே, சாக்ஸ் இங்கே, டப்பா இங்கே. பதினான்கு வேலைகள் அடங்கிய ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியலை அன்று மாலையே தொலைத்துவிட்டாள்.

லிஸ்ட் டீச்சரின் அறையில் ஒரு சின்ன மேஜை, ஒரு அலமாரி, ஒரு பழைய பள்ளிப் பை. "காலைல வீட்ல எப்படியோ அப்படியே நடிச்சுக் காட்டுங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பம்பரத்துக்கு ஒரே குஷி.

"எழுந்திரு, மணியாச்சு. நோட்டை எடுத்து வை" என்றேன்.

அவள் பைக்குள் இருந்த நோட்டை வெளியே எடுத்து, அலமாரியில் கொண்டுபோய் ஒழுங்காக வைத்தாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பாத்தீங்களா? இதுதான் தினமும்."

லிஸ்ட் டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

"நோட்ட எடுத்து வைன்னு."

"எடுத்தா, வெச்சா. வேற என்ன செய்யணும்?"

"பைல எடுத்து வைக்கணும்."

"பைலன்னு நீங்க சொல்லவே இல்லயே."

அதற்கப்புறம் பத்து நிமிஷம் நான் பேசப் பேச ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். தட்டை எடுத்து வை என்றால் கழுவுகிற இடத்தில் போடு. தண்ணி எடுத்து வை என்றால் பிடித்து வை. பிஸ்கட் எடுத்து வை என்றால் எல்லாவற்றையும் தின்றுவிடாதே. குடையை எடுத்து வை என்றால் பையில் போடு. ஷூவை எடுத்து வை என்றால், காலையில் வெளியே; சாயங்காலம் உள்ளே. பதினோரு கோடு விழுந்திருந்தது.

"பத்து நிமிஷத்துல பதினோரு தடவ. ஒரே வார்த்த, ஆறு அர்த்தம்" என்றார். "மத்த பிள்ளைங்க உங்க மூஞ்சியப் பாத்து, மணியப் பாத்து, எந்த அர்த்தம்னு ஊகிச்சுக்கும். இவளுக்கு அதுக்குள்ள நாலு யோசன குறுக்க வந்துடும். கையில எது கெடச்சுதோ அத எடுத்து, எங்க எடம் தெரியுதோ அங்க வைப்பா. அவ சொன்ன பேச்சு கேக்காம இல்லம்மா. கேக்கத்தான் செய்யறா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. எதை, எங்கே என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஃபைல், கண்ணைக் குத்துகிற சிவப்பு. என் பதினான்கு வரிப் பட்டியலைத் தூர எறிந்துவிட்டு, பம்பரமே நாலு படம் வரைந்து பட்டியல் செய்ய வேண்டும். வரைந்தாள். சிவப்பு ஃபைல் செங்கல் மாதிரி இருந்தது, நான் பூதம் மாதிரி இருந்தேன். வீட்டில் தொங்கிய மஞ்சள் அட்டைகளில் பத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். "இது வீடும்மா, குடோன் இல்ல" என்று வேறு சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக எதுவும் சுருக்கென்று படாததால் அது ஒரு மாதிரி புதிதாக இருந்தது.

முதல் வாரம் ஐந்து நாளில் இரண்டு நாள்தான் ஃபைல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் குளியலறை ஜன்னலில், ஒருநாள் ஃப்ரிட்ஜுக்கு மேல், ஒருநாள் என் கைப்பையில். மூன்று நாள் போய்விட்டது. இனி இரண்டு தடவைதான் தவறலாம்.

அடுத்த சனிக்கிழமை லிஸ்ட் டீச்சரிடம் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். "எதையும் எடத்துல வைக்கறதில்ல. காலைல எழுந்தா வீடே சந்தக்கடை. அவ ஷூவத் தேடறேன்னு ஷூ அலமாரியக் கலைச்சு, அவங்க அப்பா ஷூவ வாசல்ல இழுத்துப் போட்டிருப்பா. தினமும் நான்தான் உள்ள தள்ளி மூடறேன்." எட்டு மாதமாக அப்படித்தான் நடந்தது. அந்தக் கறுப்பு ஷூவை நான் கையால் தொட்டதில்லை. குனிந்து பார்த்ததும் இல்லை. அலமாரி வாசலை ஒட்டித்தான் இருந்தது; காலாலேயே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் சொல்லாம, மறக்காம, தினமும் அவளாச் செய்யற காரியம் ஏதாவது ஒண்ணு இருக்கா? அதுல கொக்கி மாதிரி இந்த ஃபைல மாட்டி விட்டுடலாம். புதுப் பழக்கம் தனியா நிக்காது."

"அவளா? ஒண்ணும் கெடையாது."

"நிச்சயமா?"

"பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"அப்ப திங்கக்கெழம காலைல ஒரு வேல பண்ணுங்க. வாயத் திறக்காம ஒரு நாற்காலில உக்காந்து, அவ என்ன பண்றாளோ அத மட்டும் எழுதுங்க. மணி போட்டு எழுதுங்க. உங்களுக்குத்தான் அட்டை எழுதிப் பழக்கம் இருக்கே."

திங்கட்கிழமை வழக்கமாக அடுக்களையில் இருக்கிற நேரத்தில் கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், நான் இருப்பதைக் கண்டுகொள்ளாதே என்று. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

6.05. எழுந்தாள். போர்வையை மடிக்கவில்லை.

6.06. ஷூ அலமாரியைத் திறந்தாள். கலைக்கவில்லை. அப்பா ஷூவை மட்டும் இரண்டு கையாலும் எடுத்தாள்.

6.07. பாவாடை ஓரத்தால் துடைத்தாள். முதலில் இடது, அப்புறம் வலது.

6.09. வாசலில் வைத்தாள். முனை வெளியே பார்க்கிற மாதிரி. வலது ஷூவுக்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தாள்.

6.10. பல் தேய்க்கப் போனாள்.

அதற்கப்புறம் தாளில் ஒன்றும் இல்லை. பம்பரம் குளித்தது, சாப்பிட்டது, சாக்ஸ் தேடியது, கிளம்பியது எதையும் நான் எழுதவில்லை. அவள் போனபிறகு எழுந்து போய், எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஷூவைக் கையில் எடுத்தேன். வலது ஷூவின் முனையில் ஒரு மஞ்சள் அட்டை மடித்துச் செருகியிருந்தது. என் மேஜை டிராயரில் இருப்பதுதான். கோணல்மாணலான எழுத்து. பொருள்: ஷூ 2. கிடைத்த இடம்: வீடு. தேதி: அவர் போனதற்கு மறுநாள். அதை அடித்துவிட்டு, தொண்ணூறு நாள் கழித்து ஒரு தேதி. அதையும் அடித்துவிட்டு மூன்றாவதாக ஒன்று.

வீட்டுப்பாட நோட்டில் தேதி போட ஒருநாளும் ஞாபகம் வராத பிள்ளை.

திரும்பிப் பார்த்தால் சிவப்பு ஃபைல் சோபாவில் கிடந்தது. அவள் கிளம்பும்போது என் கண்ணெதிரேதான் கிடந்திருக்கிறது. வாயைத் திறக்கக்கூடாது என்ற பேச்சுக்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. ஃபைல் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தேன். நாலாவது தடவையும் போயிற்று. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

சாயங்காலம் பள்ளி விட்டு நேராக என் அறைக்கு வந்துவிடுவாள். அது எங்கள் வழக்கம். அன்றைக்கும் வந்து, வலைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கண்டக்டர் தம்பி யாரோ விட்டுவிட்டுப் போன ஊன்றுகோலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இத விட்டுட்டு எப்படிக்கா நடந்து போயிருப்பார்?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் ஊன்றுகோலுக்கு அட்டை எழுதிக்கொண்டே கேட்டேன்.

"அப்பா ஷூவ ஏன்டி தினமும் வெளிய வைக்கிற?"

"நீதான சொன்ன."

"நானா? எப்ப?"

"அன்னைக்கு. வீட்ல நெறய பேரு வந்தாங்கல்ல, அப்ப. ஷூவ யாரோ மிதிச்சாங்க. நீ என்னப் பாத்து, 'அப்பா ஷூவ எடுத்து வை'ன்னு சொன்ன."

சொல்லியிருப்பேன். உள்ளே வை, கண்ணில் படாமல் வை என்றுதான் நினைத்திருப்பேன். நினைத்தேனோ என்னவோ. அந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை.

"நான் உள்ள வைக்கச் சொன்னேன்டி."

"உள்ளன்னு நீ சொல்லல." அவள் சுற்றுவதை நிறுத்தினாள். "இங்க நீ எடுத்து வைன்னு சொன்னா, ஆளு வந்தா குடுக்கறதுக்குத்தான? அதான் அட்டையும் போட்டேன். பலகைல அந்தத் தேதி வந்தா மூட்ட கட்டிடுவல்ல? வர்றதுக்கு முன்னாடி நானே வேற தேதி மாத்திட்டேன்."

"அப்பா வரமாட்டார்னு உனக்குத் தெரியும்ல?"

அப்படிக் கேட்டபிறகுதான் கவனித்தேன். எட்டு மாதத்தில் அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"தெரியும். தெரியாதா பின்ன?" என்றாள், கொஞ்சம் கோபமாகவே. "நீ போதும்னு சொல்லவே இல்லயே. நான் வெளிய வெப்பேன், நீ உள்ள தள்ளுவ. மறுபடி வெப்பேன், மறுபடி தள்ளுவ. பாவம், அம்மாவுக்கும் என்ன மாதிரியே மறதி போலன்னு விட்டுட்டேன்."

நான் ஊன்றுகோலின் அட்டையில் 'ஷூ' என்று எழுதியிருந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

லிஸ்ட் டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"கொக்கி கெடச்சிடுச்சு. ஃபைல அந்த ஷூவுக்குள்ள நிறுத்தி வைக்கச் சொல்லுங்க" என்றார்.

"வேற எதுவும் இல்லயா?"

"ஏன்?"

"தினமும் காலைல அத வாசல்ல பாக்க எனக்கு முடியாது."

"எட்டு மாசமா அவ மறக்காம செஞ்சது அது ஒண்ணுதான். வேற ஒண்ணு பழக்கறதுக்கு மூணு வாரம் பத்தாது. முடிவு உங்களோடது."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. குட்டி பெஞ்ச் ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

மறுநாளிலிருந்து பம்பரத்தின் படப் பட்டியலில் முதல் படம் ஷூ ஆயிற்று. இரவே வீட்டுப்பாடத்தை ஃபைலில் போட்டு மேஜைமேல் வைப்பாள். காலையில் ஷூவை எடுத்து, துடைத்து, வாசலில் வைத்து, இடது ஷூவுக்குள் ஃபைலை நிறுத்துவாள். கிளம்பும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. "ஷூ. ஃபைல். கையில இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். ஃபைலை அவள் உருவிக்கொண்டு போனபிறகு ஷூ மட்டும் நிற்கும். வெளியே கிளம்பத் தயாராக, முனை தெருவைப் பார்த்துக்கொண்டு. சாயங்காலம் அவளே உள்ளே வைப்பாள். நான் வேலைக்குப் போகும்போது பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவேன்.

அந்த வாரம் மிச்சம் நாலு நாளும் ஃபைல் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வாரம் ஐந்துக்கு ஐந்து. வகுப்பு டீச்சர் போன் செய்து, "என்ன மேடம் மந்திரம் போட்டீங்க?" என்றார். ஷூ என்று சொல்லியிருந்தால் லூசு என்று நினைத்திருப்பார். நாலாம் வாரம் திங்களும் செவ்வாயும் போய்ச் சேர்ந்தது. பதின்மூன்று. இன்னும் இரண்டு வேண்டும்.

புதன்கிழமை கெடுத்தது நான்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் துணி எடுக்க அந்தப் பக்கம் போனேன். கை நிறையத் துணி. போகிற போக்கில் என் கால் அந்த ஷூவை உள்ளே தள்ளி அலமாரிக் கதவைச் சாத்திவிட்டது. கால்தான் செய்தது, எட்டு மாதப் பழக்கம். ஃபைலும் அதோடு உள்ளே போயிற்று. அவள் வந்து வாசலைப் பார்த்திருக்கிறாள். ஷூ இல்லை. ஷூ இல்லாததால் ஃபைலும் இல்லை, ஃபைலே இல்லாததால் தேட வேண்டியதும் இல்லை. நிம்மதியாகக் கிளம்பிப் போய்விட்டாள். ஐந்தாவது தடவையும் முடிந்தது. இனிமேல் ஒருநாள் தவறினாலும் நாலாம் வகுப்புதான்.

சாயங்காலம் அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் தப்புதான்" என்றேன்.

"பரவால்லம்மா. எனக்கும் இப்படித்தான் ஆகும். வேணும்னு பண்றதில்ல" என்றாள். பெரிய மனுஷி மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் கலர் பென்சிலை எடுத்து எனக்கு ஒரு பட்டியல் போட்டாள். ஒரே ஒரு வரி, ஒரே ஒரு படம். ஒரு ஷூ, அதன் பக்கத்தில் பூதம் மாதிரி ஒரு பெரிய கால், அந்தக் காலின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஷூ அலமாரிக் கதவில் என் கண் உயரத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினாள். "ஒரு நேரத்துல ஒண்ணுதான்மா. நெறய போட்டா உனக்குக் கொழம்பிடும்."

வியாழக்கிழமை ஃபைல் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் படத்துக்கு நேராக நான் சிலை மாதிரி நின்றேன், எதையும் தொடாமல், எதையும் தள்ளாமல். "ஷூ. ஃபைல். கையில இருக்கு." படி இறங்கினாள். தெருமுனை வரை ஜன்னல் வழியே பார்த்தேன். ஃபைல் கையில்தான் இருந்தது. மத்தியானம் வகுப்பு டீச்சர் போன் செய்தார். "பதினஞ்சு, மேடம். அவ இங்கதான். எங்கயும் அனுப்பல." குரல் தழுதழுத்தது. அவருக்குத்தான். நான் "ரொம்ப நல்லது டீச்சர்" என்று சொல்லிவிட்டு, ஒரு ரோஸ் நிறக் குடைக்கு அட்டை எழுதினேன். சந்தோஷம் இருந்தது என்று தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை பள்ளி இல்லை. ஆறரை மணிக்கு நான் எழுந்து வந்தபோது பம்பரம் அலமாரியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஷூ மடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு புது மஞ்சள் அட்டையும் பேனாவும்.

"அம்மா, பழைய அட்டைல எடமில்ல. மூணாவது தேதிக்கு இன்னையோட தொண்ணூறு" என்றாள். "இப்ப என்ன பண்ணணும்?"

"என்னடி பண்ணணும்?"

"நீதான் சொல்லணும். உள்ள வைக்கவா, வெளிய வைக்கவா? சரியாச் சொல்லு. எடுத்து வைன்னு மட்டும் சொல்லாத."

நான் வாயைத் திறந்தேன். சரியான வார்த்தை இரண்டுதான். உள்ளே, வெளியே. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பேரிடம், "தொண்ணூறு நாள் ஆச்சுங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குடைக்காரர் முகம் ஞாபகம் வந்தது. ஷூவின் இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்தது.

"வெளிய" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

கேள்வியில் ஒன்றுமில்லை. அட்டையில் நிரப்ப வேண்டிய வரி அது. ஆனால் என் தாடை நடுங்க ஆரம்பித்தது. ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வலிதான் வரும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். வலித்தது. இத்தனை மாதமும் சேர்ந்து, இன்ன இடமென்று இல்லாமல் எல்லா இடத்திலும் வலித்தது. அவர் இல்லை. அவர் வரமாட்டார். இந்த ஷூவைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

பம்பரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. அவள் இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஒரு தொண்ணூறு நாளைக்கு" என்றேன். "அதுக்கப்புறம் உள்ள வைக்கலாம். மேல் தட்டுல. நீயும் நானும் சேர்ந்து."

"அப்ப என் ஃபைல்?"

"என் செருப்புல வை. நான் அத வாசல்ல போட்டு வைக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். புது அட்டையை முட்டியில் வைத்து எழுதினாள். பொருள், இடம், தேதி. ஷூவுக்குள் செருகினாள். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"நீயும் எங்கயாவது எழுதி வெச்சுக்கோம்மா. நீ மறந்துடுவ."

அலமாரிக் கதவில், அந்தப் பெரிய காலின் படத்துக்குக் கீழே, தொண்ணூறாவது நாளின் தேதியை எழுதினேன். கண் மறைத்ததால் எழுத்து கோணலாக விழுந்தது. அவள் எட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, ஷூவைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.